நன்னாரி பாட்டிலில் என்ன எழுதுவது: பாகா, சர்பத்தா, சிரப்பா?

காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். வீட்டில் நன்னாரி வேரை ஊறவைத்து, சர்க்கரை சேர்த்துக் காய்ச்சி, பாட்டிலில் அடைத்துப் பக்கத்துக் கடைகளுக்குக் கொடுக்கிறாராம். அவர் எழுதியது இது: “லேபிளில் பாகு என்று போட்டால் மளிகைக் கடைக்காரர் கச்சாயத்துக்கான வெல்லப்பாகா என்கிறார். சர்பத் என்று போட்டால் சிலர் தண்ணீர் கலக்காமல் அப்படியே வாயில் ஊற்றிக்கொண்டு முகத்தைச் சுளிக்கிறார்கள். சிரப் என்றால் இருமல் மருந்தா என்று கேட்கிறார்கள். அண்ணா, மூன்றும் ஒன்றா, வேறு வேறா? தமிழில் எதை எழுதுவது? போன மாதம் நான்கு பாட்டில்கள் மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கிவிட்டன. அதற்கும் ஒரு வழி சொல்லுங்கள்.”

இரண்டு கேள்விகள்போலத் தெரிந்தாலும் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான் தங்கச்சி. கரைசலில் எவ்வளவு தண்ணீர் மிச்சம் இருக்கிறது என்பதை வைத்தே அதன் பெயரும் மாறுகிறது, ஆயுளும் மாறுகிறது. பாலக்கோட்டுப் பக்கம் என் தாத்தாவுக்குக் கரும்பாலை இருந்தது. நான் பிழைத்தது கிருஷ்ணகிரியை ஒட்டிய மாங்கூழ் ஆலையின் பரிசோதனைக் கூடத்தில். அங்கே கொப்பரையில் பார்த்ததையே இங்கே கண்ணாடிக் குழாயில் பார்த்தேன். அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

முதலில் சொற்கள். அரபியில் ‘ஷரிப’ என்றால் குடித்தான் என்று பொருள். அந்த வேரிலிருந்து ‘ஷராப்’ என்ற சொல் பிறந்தது. முதலில் அதற்குக் குடிக்கும் பொருள் எதுவானாலும் சரி என்ற பொதுப்பொருள்தான். அது இலத்தீனுக்குப் போய் ‘சிரோபுஸ்’ ஆகி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் ‘சிரப்’ ஆயிற்று. அதே ஷராப் இந்தியிலும் உருதுவிலும் மதுவைக் குறிக்கலாயிற்று. அதே வேரில் பிறந்த இன்னொன்றுதான் சர்பத். துருக்கி, இத்தாலி எல்லாம் சுற்றிப் பனிக்குழைவு இனிப்பான ‘சோர்பே’ ஆனதும் அந்தக் கிளைதான். ஆகவே உங்கள் லேபிளில் சண்டை போடும் சர்பத்தும் சிரப்பும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். ஒன்று சாராயக் கடைக்கும் ஒன்று மருந்துக் கடைக்கும் ஒன்று பஸ் நிலையத்துப் பெட்டிக் கடைக்கும் வாழ்க்கைப்பட்டுப் போயின, அவ்வளவுதான்.

பாகு அந்த வீட்டுப் பிள்ளை இல்லை. சமைத்தல், பக்குவம் என்ற பொருளுடைய ‘பாக’த்தோடு சேர்ந்தது அது. நளபாகம் என்கிறோமே, அந்தப் பாகம். சிரப் என்னும் சொல் குடிப்பதிலிருந்து வந்தது, பாகு என்னும் சொல் காய்ச்சுவதிலிருந்து வந்தது. இந்த வேறுபாடு இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. தமிழ்க் காதுக்குப் பாகு என்றதும் அடுப்பும் கொதியும் நினைவுக்கு வருகின்றன, டம்ளர் வருவதில்லை. மளிகைக் கடைக்காரர் தவறாக எதுவும் நினைத்துவிடவில்லை.

தமிழில் பாகுக்கு வேறு பொருள்களும் உண்டு. யானைப் பாகனையும் பாகு என்று சொன்ன வழக்கு இருக்கிறது. இயற்பியல் பாடப் புத்தகத்தில் திரவத்தின் ஓட்டத்துக்கு எழும் உள்தடையைப் ‘பாகுநிலை’ என்று பெயரிட்டிருக்கிறார்கள். நல்ல பெயர். தேன் ஏன் மெதுவாக ஒழுகுகிறது என்று பிள்ளைகளுக்கு விளக்கவே வேண்டாம், சொல்லே விளக்கிவிடுகிறது. பாகற்காயைப் ‘பாகு அல் காய்’, அதாவது இனிப்பு அல்லாத காய் என்று பிரித்துச் சொல்லும் தமிழாசிரியர்கள் உண்டு. ரசிக்கலாம், நம்ப வேண்டியதில்லை. இலங்கைத் தமிழர் பாணி என்பார்கள். இனிப்புக் கடை மாஸ்டரிடம் போனால் ஜீரா என்பார். சீரகத்துக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது.

எல்லையைத் தாண்டிக் கன்னட நாட்டுக்குப் போனால் அது பாகவும் பாக்கும் ஆகிறது. மைசூர்பாகின் கடைசிப் பாதி அதுதான். 2025 மே மாதத்தில் ஜெய்ப்பூரில் சில கடைகள், அந்த ‘பாக்’ பாகிஸ்தானை நினைவூட்டுகிறது என்று சொல்லி ‘மைசூர் ஸ்ரீ’ என்று பெயரை மாற்றின. ஓசூரில் இருப்பவன் இதைக் கேட்டால் சிரிப்பதா அழுவதா? சர்க்கரைப் பாகு இல்லாமல் கடலைமாவு எப்படி மைசூர்பாகு ஆகும்?

எங்கள் மாவட்டத்துக்கும் பாகுக்கும் பழைய உறவு இருக்கிறது. தகடூர் என்பது இன்றைய தருமபுரி. அதன் தலைவன் அதியமான் நெடுமான் அஞ்சியை ஔவையார் பாடிய புறநானூற்று 99ஆம் பாட்டில், அவன் முன்னோர் கரும்பை இந்த மண்ணுக்குக் கொண்டுவந்தவர்கள் என்ற செய்தி வருகிறது. அதை வரலாறாக எடுத்துக்கொள்வதும் புகழ்ச்சியாக எடுத்துக்கொள்வதும் அவரவர் விருப்பம். பாலக்கோட்டிலும் அரூருக்குப் பக்கத்துக் கோபாலபுரத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் நிற்கும் மாவட்டத்தில் பிறந்தவனுக்கு அந்த வரி கொஞ்சம் இனிக்கத்தான் செய்யும்.

தாத்தாவின் ஆலை என்றால் பெரிய கட்டடம் என்று நினைக்க வேண்டாம். தென்னங்கீற்றுக் கொட்டகை, ஓர் எஞ்சின், மண்ணில் கட்டிய அடுப்பு, அதன்மேல் ஓர் ஆள் படுத்து உருளலாம்போன்ற இரும்புக் கொப்பரை. விறகு வாங்குவதில்லை. பிழிந்து காய்ந்த சக்கையே எரியும். நூறு கிலோ கரும்புக்குப் பத்துக் கிலோ வெல்லம் என்பது பொதுவான கணக்கு. மீதி சக்கையும் ஆவியும்தான். சாறு சூடேறும்போது அழுக்கு கருநுரையாகத் திரண்டு மேலே வரும். வெண்டைச் செடியின் தண்டை நசுக்கி, அந்த வழவழப்பான சாற்றை ஊற்றுவார்கள். அழுக்கு அதில் சிக்கிக்கொள்ள, அகப்பையால் வழித்துவிடுவார்கள். கொஞ்சம் சுண்ணாம்புத் தெளிவும் போகும். பொங்கி வழியப்போனால் நாலு சொட்டு எண்ணெய்.

இதெல்லாம் யாரும் செய்வார்கள். கடைசிக் கால்மணி நேரம் மட்டும் தாத்தாவுடையது. அப்போது அவரோடு யாரும் பேசக்கூடாது. முதலில் நுரை வெள்ளையாகச் சின்னச் சின்னக் குமிழாக இருக்கும். பிறகு மஞ்சளாகும். பிறகு குமிழ்கள் குறைந்து, ஒவ்வொன்றும் எலுமிச்சம்பழம் அளவுக்குப் பெரிதாகி, வெடிக்கும்போது ஒரு கனத்த ஓசை வரும். சளசளவென்று இருந்த கொதி ‘களப்... களப்’ என்று மாறும். அந்த ஓசை கேட்டதும் விரலைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு, துடுப்பில் ஒட்டியிருந்த பாகில் ஒரு துளி வழித்து, பக்கத்துச் சட்டித் தண்ணீரில் விடுவார். முதல் துளி கரைந்து ஓடும். கொஞ்ச நேரம் கழித்து விடும் துளி அடியில் போய் உட்கார்ந்து, விரலுக்கு மெழுகுபோல உருளும். எடுத்துக் கொப்பரையின் விளிம்பில் சுண்டுவார். ‘டக்’ என்று கேட்டால் கையைத் தூக்குவார். அடுப்பில் சக்கை தள்ளுகிறவன் அந்தக் கையை மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பான்.

பின்னாளில் நான் வெப்பமானியோடு போய் அளந்து பார்த்தேன். அவர் கை தூக்கியது 116க்கும் 118 டிகிரிக்கும் நடுவில். 105 அருகே நிறுத்தியிருந்தால் அது வெல்லமாக இறுகாமல், மகாராஷ்டிரத்தில் ‘காக்வி’ என்று பாட்டிலில் விற்கிறார்களே, அந்தத் தேன்போன்ற வெல்லப்பாகாக நின்றிருக்கும். பன்னிரண்டு டிகிரி வித்தியாசம், இரண்டு சரக்கு. இப்போது சில கொட்டகைகளில் வெல்லம் பளிச்சென்று மஞ்சளாகத் தெரிய ‘ஹைட்ரோஸ்’ என்ற வெளுப்புப் பொடியைக் கொட்டுகிறார்கள். கருத்த வெல்லத்தை வாங்க மறுக்கும் நம் கண்ணுக்கும் அதில் பங்கு உண்டு.

வெல்லமோ சர்க்கரையோ, பாகு என்று பொதுவாகச் சொன்னால் சமையல்கட்டில் யாருக்கும் திருப்தி வராது. என்ன பதம் என்று கேட்பார்கள். விரலுக்கு நடுவில் பிசுபிசுக்கிறதா, அது குலோப் ஜாமூனுக்கு. ஒற்றைக் கம்பி இழுக்கிறதா, ஜிலேபிக்கு. தண்ணீரில் விட்டால் திரண்டு மெத்தென்று உருள்கிறதா, கச்சாயத்துக்கு (தெற்கே அதிரசம் என்பதை எங்கள் பக்கம் கச்சாயம் என்போம், கன்னடக்காரர்கள் கஜ்ஜாய என்பார்கள்). தட்டில் போட்டால் ‘டங்’ என்கிறதா, கடலை உருண்டைக்கும் பொரி உருண்டைக்கும். என் ஆயா கச்சாய மாவுக்குப் பாகு ஊற்றும் நாளில் வீட்டில் பெரிய பஞ்சாயத்தே நடக்கும். பாகு இளசாகப் போனால் எண்ணெயில் போட்டதும் பிரிந்து கரைந்துவிடும். முற்றிப்போனால் தீபாவளிக்குச் சுட்டது பொங்கலுக்கும் பல்லை உடைக்கும். நடுவில் இருக்கிற இடம் அரை நிமிடம்தான்.

இந்தப் பதங்களை வெப்பநிலையாகவும் சொல்லலாம். கம்பி 106 முதல் 112 வரை, மெத்தென்ற உருண்டை 112 முதல் 116 வரை, நொறுங்கும் பதம் 149க்கு மேல். ஆனால் இவை கடல்மட்டத்துக் கணக்கு. இங்கேதான் சமையல் காணொளி பார்த்து வெப்பமானி வாங்கிய ஓசூர்க்காரர்கள் ஏமாறுகிறார்கள். ஓசூர் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீரே 97 டிகிரியில் கொதித்துவிடும். ஆகவே எல்லாப் பதமும் மூன்று டிகிரி முன்னாலேயே வந்துவிடுகிறது. சென்னையில் 114இல் இறக்கும் பாகை ஓசூரில் 111இல் இறக்க வேண்டும். ஆயாவின் சட்டித் தண்ணீருக்கு இந்தத் தொல்லை கிடையாது. மலைமேலும் கடற்கரையிலும் துளி ஒரே மாதிரிதான் உருளும்.

இனி உங்கள் பாட்டிலுக்கு வருகிறேன்.

அறை வெப்பத்தில் ஒரு பங்கு தண்ணீர், தன் எடையைப்போல இரண்டு மடங்கு சர்க்கரையைத்தான் கரைத்து வைத்துக்கொள்ளும். நூற்றுக்கு 66, 67 என்பது அதன் எல்லை. சூடாக்கினால் இன்னும் ஏற்றுக்கொள்ளும். ஆனால் ஆறியதும் கூடுதலை வெளியே தள்ளிவிடும். அப்படித் தள்ளப்பட்டது நூலைப் பிடித்துக்கொண்டு நிதானமாக வளர்ந்தால் அதற்குக் கற்கண்டு என்று பெயர். பாட்டிலின் அடியில் பொருபொருவென்று உறைந்தால் அதற்கு வாடிக்கையாளர் புகார் என்று பெயர்.

எல்லைக்குக் கீழே வெகுதூரம் இறங்கினால் வேறு சங்கடம். காற்றில் எப்போதும் ஈஸ்ட் என்ற நுண்ணுயிர் மிதக்கிறது. கெட்டியான பாகில் அது விழுந்தால், பாகு அதன் உடம்பிலிருக்கும் தண்ணீரையே உறிஞ்சிக்கொள்ளும். ஊறுகாயில் உப்பு செய்கிற வேலையை இங்கே சர்க்கரை செய்கிறது. பாகு இளகலாக இருந்தால் அதே ஈஸ்டுக்கு அது விருந்து. சர்க்கரையைத் தின்று சாராயமும் கரிவாயுவும் உண்டாக்கும். உங்கள் மூடியைத் தள்ளியது அந்த வாயுதான். ஷராப் என்ற சொல்லின் இரண்டு பொருளும் உங்கள் பாட்டிலுக்குள்ளேயே நடந்து முடிந்திருக்கிறது.

இந்த எல்லை எல்லோருக்கும் பொது என்பதற்கு ஒரு சான்று சொல்கிறேன். இந்திய மருந்து நூல் மருந்தில் சேர்க்கும் வெறும் சர்க்கரைப் பாகுக்கு 1000 கிராமில் 667 கிராம் சர்க்கரை என்கிறது. நம் உணவுச் சட்டம் பழச் சிரப்புக்குக் கரைந்த திடப்பொருள் குறைந்தது 65 விழுக்காடு என்கிறது. கனடாவில் மேப்பிள் மரத்துச் சாற்றை, நம் பதநீரைவிட மிகவும் நீர்த்தது அது, 40 லிட்டரை ஒரு லிட்டராகச் சுண்டவைக்கிறார்கள். அவர்கள் நிறுத்துமிடமும் 66தான். ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டு வைத்த எண் இல்லை இது. கீழே போனால் புளிக்கும், மேலே போனால் உறையும், நடுவில் இருப்பது அந்த ஒரு படி மட்டும்தான்.

நீங்கள் செய்த தவறு எங்கே என்று நான் ஊகிக்கலாமா? டம்ளரால் அளந்திருப்பீர்கள். இரண்டு டம்ளர் சர்க்கரைக்கு ஒரு டம்ளர் தண்ணீர். சர்க்கரைப் படிகங்களுக்கு நடுவே காற்று இருப்பதால் ஒரு டம்ளர் சர்க்கரை ஒரு டம்ளர் தண்ணீரைவிட எடை குறைவு. அங்கேயே மூன்று, நான்கு விழுக்காடு போயிற்று. பிறகு எலுமிச்சைச் சாறு. அதிலும் தண்ணீர். பிறகு கழுவிய பாட்டிலின் ஈரம். கடைசியாக, சூடாக ஊற்றி உடனே மூடியிருந்தால் ஆவி மூடிக்கடியில் துளிகளாகப் படிந்து பாகின் மேலேயே சொட்டும். அடியில் பாகு கெட்டியாக இருந்தாலும் மேல் படலம் மட்டும் நீர்த்துப்போகும். புளிப்பு எப்போதும் மேலிருந்துதான் தொடங்கும்.

தராசு வையுங்கள். ஒரு கிலோ நன்னாரி ஊறல் நீருக்கு இரண்டு கிலோ சர்க்கரை, எடைக்கு எடை. ஆறிய பாகில் சரியாக ஒரு லிட்டர் எடுத்து நிறுத்துப் பாருங்கள். 1 கிலோ 320 கிராம் இருந்தால் 65 விழுக்காடு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். 1 கிலோ 230தான் இருக்கிறது என்றால் அது பாதிக்குப் பாதி. பொங்கத்தான் செய்யும். எலுமிச்சையைக் கடைசியில் விடாமல் கொதியிலேயே விடுங்கள். அமிலம் சர்க்கரையின் ஒரு பகுதியைக் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைத்துவிடும். அந்தக் கலப்பு எளிதில் உறையாது. எங்கள் வீட்டில் ஜீரா காய்ச்சும்போது எலுமிச்சை பிழிவதும் இதற்காகத்தான், ருசிக்காக மட்டும் இல்லை.

வேரை மட்டும் நீண்ட நேரம் கொதிக்கவிடாதீர்கள். நன்னாரியின் மணம் ஆவியோடு போய்விடும் இயல்புடையது. வெனிலாவின் மணப்பொருளுக்கு அது பங்காளி முறை. நசுக்கி, நடுவிலிருக்கும் கட்டை நரம்பை எடுத்துவிட்டு, தோலைச் சுடுநீரில் ஓர் இரவு மூடி ஊறவைத்தால் போதும். தெரு முழுக்க நன்னாரி மணக்கிறது என்று பெருமைப்படுகிறவர்களின் பாட்டிலில் மணம் மிச்சம் இருக்காது.

எங்கள் ஆலையில் இந்த எடை வித்தைக்குப் பதில் ஒரு சின்னக் கருவி உண்டு. பிரிக்ஸ் மீட்டர் என்போம். பேனா அளவு குழாய், முனையில் சாய்ந்த கண்ணாடி. ஒரு துளி வைத்து மூடியைச் சாய்த்து வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தால் உள்ளே மேல்பாதி நீலம், கீழ்ப்பாதி வெள்ளை. இரண்டும் சேரும் கோடு எந்த எண்ணில் நிற்கிறதோ அதுதான் நூற்றுக்கு எத்தனை பங்கு சர்க்கரை என்ற கணக்கு. மே, ஜூனில் லாரி லாரியாக வந்திறங்கும் பெங்களூரா மாம்பழக் கூழ் 14 காட்ட வேண்டும், அல்போன்சா 16. காட்டாவிட்டால் ஏற்றுமதிக்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். தொடர்ந்து பாகு காய்ச்சி விற்கப்போகிறீர்கள் என்றால் முதல் லாபத்தில் ஒரு பிரிக்ஸ் மீட்டர் வாங்குங்கள். 0 முதல் 32 வரை மட்டும் காட்டுவதை வாங்கிவிடாதீர்கள். பழச்சாற்றுக்கானது அது, உங்கள் பாகை வைத்தால் கோடே தெரியாது.

மாம்பழத்தைத் துண்டு போட்டு டின்னில் அடைக்கும்போது ஒரு வேடிக்கை நடக்கும். 40 காட்டும் பாகை 15 காட்டும் துண்டுகள்மேல் ஊற்றி மூடுவோம். இரண்டு மூன்று வாரம் கழித்து ஒரு டின்னை உடைத்தால் பாகும் 40 இல்லை, பழமும் 15 இல்லை. இரண்டும் பேசி நடுவில் ஓர் எண்ணுக்கு வந்திருக்கும். அவசரப்பட்டு 65 பாகை ஊற்றினால் பழத்திலிருந்து தண்ணீர் ஒரேயடியாக வெளியேறித் துண்டு வற்றல்போலச் சுருங்கிவிடும். தேன் நெல்லி வீட்டில் செய்து தோற்றவர்களுக்கு இதுதான் பதில். முதல் நாள் இளம்பாகு, மறுநாள் அதையே வடித்துக் கொஞ்சம் சுண்டவைத்து ஊற்றுவது, அடுத்த நாள் இன்னும் கொஞ்சம். ஒரு வாரம் ஆகும். காயும் உருண்டையாகவே இருக்கும்.

மருந்துக் கடைச் சிரப் தனிக் கதை. கசப்பை மறைக்கவும் கெடாமல் காக்கவும்தான் மருந்தில் பாகு நுழைந்தது. நம் சித்த மருத்துவத்திலும் அதே ஏற்பாடுதான், பெயர் மணப்பாகு. ஆடாதோடை மணப்பாகு, மாதுளை மணப்பாகு கேள்விப்பட்டிருப்பீர்கள். நன்னாரிக்கும் உண்டு. அதனால்தான் சொல்கிறேன், உங்கள் லேபிளில் மணப்பாகு என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அது மருந்தின் பெயர், மருந்து உரிமம் கேட்பார்கள். ‘உடல் சூட்டைக் குணப்படுத்தும்’ போன்ற வாசகமும் அதே வம்பு.

இன்றைக்கு ஆங்கில மருந்தில் சிரப் என்று நாம் சொல்வதெல்லாம் பாகு கிடையாது. பல பாட்டில்கள், தூள் மிதக்கும் கலவைகள். அதனால்தான் ‘நன்றாகக் குலுக்கவும்’ என்று எழுதியிருக்கும். குலுக்காமல் கொடுத்தால் முதல் வேளைக்கு மருந்து குறைவு, அடிப்பாட்டில் வேளைக்கு அதிகம். சர்க்கரை இல்லாத சிரப்பில் சார்பிட்டால்போன்ற வேறு இனிப்புகள் இருக்கும். இன்னொன்று உலர் சிரப், பொடியாக வரும். என் தங்கை மகனுக்கு ஒருமுறை அதைக் கொடுத்த கடையில் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அவள் இரண்டு வேளை பொடியையே கரண்டியில் எடுத்துத் தேனில் குழைத்துக் கொடுத்திருக்கிறாள். நல்லவேளை, மூன்றாம் வேளைக்கு நான் அங்கே இருந்தேன். ஆறவைத்த நீரைப் பாட்டிலில் போட்டிருக்கும் கோடுவரை ஊற்றிக் குலுக்க வேண்டும். கலந்தபின் எத்தனை நாள் வைக்கலாம் என்பது அட்டையில் இருக்கும். பல எதிருயிரி (ஆன்டிபயாடிக்) மருந்துகளுக்கு அது ஒரு வாரம்தான், அதுவும் குளிர்பெட்டியில். மிச்சத்தை அடுத்த காய்ச்சலுக்கு எடுத்துவைப்பது வீண். பாராசிட்டமால் சிரப்பிலும் 5 மில்லிக்கு 120, 125 மில்லிகிராம் என்று ஒன்றும் 250 என்று ஒன்றும் உண்டு. ‘போன தடவை ஒரு மூடி கொடுத்தோம்’ என்ற கணக்கு அங்கே செல்லாது.

இனிப்பு எதையும் மறைக்கும் என்பதால் அது ஆபத்தையும் மறைத்திருக்கிறது. டைஎத்திலீன் கிளைகோல் என்ற தொழிற்சாலைத் திரவம் இனிப்பாகவும் வழவழப்பாகவும் இருக்கும், சிறுநீரகத்தை அழிக்கும். 1937இல் அமெரிக்காவில் அதைக் கரைப்பானாக வைத்து ஒரு மருந்து செய்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகுதான் 1938இல் அங்கே கடுமையான மருந்துச் சட்டம் வந்தது. 2022இல் காம்பியாவில் குழந்தைகள் இறந்தார்கள். 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாடாவில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள். அந்த இருமல் மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். 0.1 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாத அந்த நஞ்சு அதில் 48.6 விழுக்காடு இருந்ததைக் கண்டுபிடித்ததும் தமிழ்நாட்டுப் பரிசோதனைக் கூடம்தான். நான்கு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைக்குச் சளி, இருமல் கலவைச் சிரப்பை மருத்துவரைக் கேட்காமல் கடையில் வாங்காதீர்கள். சிரப் என்றதும் உங்கள் வாடிக்கையாளர்கள் ஒரு கணம் தயங்குகிறார்கள் என்றால் அந்தத் தயக்கம் நியாயமானது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சர்க்கரை ஆலையில் படிகம் எடுத்தபின் மிஞ்சும் கருப்பான கழிவுப்பாகு மொலாசஸ். எரிசாராயத்துக்கும் எத்தனாலுக்கும் மாட்டுத் தீவனத்துக்கும் போகிறது. 1919 ஜனவரியில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மொலாசஸ் தொட்டி ஒன்று வெடித்துத் தெருவில் அலையாகப் பாய்ந்து 21 பேரைக் கொன்றது. பாகு மெதுவாகத்தான் ஓடும் என்று நம்பியிருந்தவர்கள் அவர்கள். மிட்டாய்க் கடையில் ‘லிக்விட் குளுக்கோஸ்’ என்று வாளியில் வைத்திருப்பது மாவுப்பொருளை உடைத்துச் செய்த பாகு. மக்காச்சோளத்திலிருந்தும் வரும், நம் அரூர், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்துக் குச்சிக்கிழங்கின் (மரவள்ளிக் கிழங்கு) மாவிலிருந்தும் வரும். தேனில் கலப்படம் செய்கிறவர்கள் கரும்புப் பாகை விட்டு அரிசிப் பாகுக்கு மாறியதற்கும் காரணம் உண்டு. கரும்பும் மக்காச்சோளமும் கரியைச் சேர்க்கும் முறை வேறு, அதைப் பரிசோதனை காட்டிக்கொடுத்துவிடும். நெல் பெரும்பாலான பூச்செடிகளைப்போலவே நடந்துகொள்வதால் அந்தப் பரிசோதனையில் தப்பிவிடும். பழைய கட்டடங்களின் சுண்ணாம்புக் காரையில் கடுக்காயோடு வெல்லம் கரைத்து ஊற்றியதும் பாகின் பயன்தான். எறும்பு வரவில்லையா என்று சிறுவயதில் தாத்தாவைக் கேட்டு அடி வாங்கியிருக்கிறேன்.

சரி, லேபிள். வெறும் பாகு வேண்டாம், வெறும் சர்பத்தும் வேண்டாம். ‘நன்னாரி சர்பத் பாகு’ என்று எழுதுங்கள். சர்பத் என்பது எதற்கு என்று சொல்கிறது, பாகு என்பது இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்கிறது. கடைக்காரர் அதைக் கச்சாய வரிசையில் அடுக்கமாட்டார், வாங்குகிறவரும் அப்படியே குடிக்கமாட்டார். அதற்குக் கீழே, பெயரின் பாதி அளவு எழுத்திலாவது, ‘30 மில்லி பாகு, 180 மில்லி குளிர்ந்த நீர், அரை மூடி எலுமிச்சை’ என்று போடுங்கள். அந்த 30 மில்லியில் ஏறக்குறைய 26 கிராம் சர்க்கரை இருக்கிறது. அதையும் எழுதுங்கள். சர்க்கரை நோய்க்காரர் இல்லாத வீடு இப்போது எது? உணவுப் பாதுகாப்புப் பதிவு எண், தயாரித்த தேதி, ‘ஈரக் கரண்டி படக்கூடாது’ ஆகியவை பின்பக்கம்.

ஆனால் அச்சகத்துக்குப் போகுமுன் அடுத்த கொதியில் ஒரு லிட்டரை நிறுத்துப் பாருங்கள். 1 கிலோ 320க்குக் குறைந்தால் மறுபடியும் அடுப்பில் ஏற்றுங்கள். பாட்டில்களை வெயிலில் ஈரமே இல்லாமல் காயவைத்து, பாகை ஆறவிட்டு ஊற்றி, பத்து நாள் அலமாரியில் வையுங்கள். மூடி அசையாமல் இருந்தால் லேபிளை ஒட்டலாம்.